நாள்களைப் பெயராய்த் தாங்கும் திடல்கள்

ஆட்டத்திடலுக்கு என்ன பெயர் இடுவார்கள்? மன்னன் ஆளும் நாட்டிலே மன்னன் பெயர். செல்வன் பொருள் தந்திருந்தால் செல்வன் பெயர். இரண்டும் இல்லையேல் ஊரின் பெயர். அல்ஜீரிய நாட்டார் கண்ட வழி வேறு. தலைநகராம் ஆல்ஜியர்சிலே உள்ள பெருந்திடலின் பெயர் "5 ஜூலை 1962". செத்தீஃப் நகரத்துத் திடலின் பெயர் "8 மே 1945". அன்னாபா நகரிலே "19 மே 1956". திசி ஊசு நகரிலே "1 நவம்பர் 1954". பாத்னா நகரிலும் அதே பெயர். சிதி பெல் அப்பெஸ் நகரிலே "24 பிப்ரவரி 1956". "20 ஆகஸ்ட் 1955" என்ற பெயரிலே தலைநகரில் ஒரு திடல், ஸ்கிக்டாவில் ஒரு திடல். பந்தாட்டம் காணச் செல்பவன், எந்த நாளில் எந்தத் திடலில் ஆட்டம் என்று கேட்டால், விடையிலே இரண்டு நாள்கள் வருகின்றன. ஒன்று ஆட்டம் நடக்கும் நாள். மற்றொன்று நாடு பட்ட பாட்டின் நாள்.

அந்த நாள்கள் எவை என்று பார்ப்போம்.

1830 ஜூலை 5 அன்று ஆல்ஜியர்சின் ஆட்சியாளர் பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்தார். 132 ஆண்டுகள் கழித்து விடுதலையை அறிவிக்க நாள் தேடியபோது, வேறு எதனையும் கொள்ளாமல் அதே ஜூலை 5ஐ வேண்டுமென்றே தேர்ந்தனர். வீழ்ந்த நாளையே எழுந்த நாளாக்கிக் காட்டினர்!

1945 மே 8, ஜெர்மனி சரணடைந்த நாள். கொடுங்கோன்மை ஒழிந்தது, இனி எல்லா மக்களுக்கும் உரிமை என்று ஐரோப்பா எங்கும் ஆர்ப்பரித்தனர். செத்தீஃப் நகரத்து மக்களும் ஊர்வலம் சென்றனர், தமக்கும் அந்த உரிமை உண்டு என்று எண்ணி. ஊர்வலத்தில் ஓர் இளைஞன் அல்ஜீரியக் கொடியை ஏந்தி வந்தான். கொடியை இறக்கு என்றது காவல்துறை. இறக்க மறுத்தவன் குண்டுபட்டு விழுந்தான். கலகம் மூண்டது. ஐரோப்பியர் நூறு பேர் அளவில் மாண்டனர். அதற்குப் பழியாக, சுற்றுப்புறச் சிற்றூர்களின் மீது விமானமும் கப்பற் பீரங்கியும் ஏவப்பட்டன. இறந்தவர் ஆயிரத்துச் சொச்சம் என்றது பிரெஞ்சு அரசு. 45,000 என்கின்றனர் அல்ஜீரியர். பிரான்சு விடுதலை பெற்றதைக் கொண்டாடிய அதே நாளிலே, அதே பிரான்சின் துப்பாக்கி!

1954 நவம்பர் 1, ஆயுதப் போர் தொடங்கிய நாள். 1956 பிப்ரவரி 24, தொழிலாளர் பொதுச் சங்கம் பிறந்த நாள். அந்த நாளைப் பெயராகக் கொண்ட சிதி பெல் அப்பெஸ் யாருடைய ஊர் தெரியுமா? பிரான்சின் அந்நியப் படையணி தலைமையிடம் கொண்டிருந்த ஊர்! 1956 மே 19, மாணவர்கள் பாடத்தை நிறுத்திவிட்டுப் போராட்டத்தில் குதித்த நாள். 1955 ஆகஸ்ட் 20, பிலிப்வில் நகரைச் சுற்றி உழவர்கள் கிளர்ந்தெழுந்த நாள். அன்று ஐரோப்பியர் வீடுகளில் பெண்டிரும் பிள்ளைகளும்கூடக் கொல்லப்பட்டனர், மறைப்பதற்கில்லை. அதற்கு மறுமொழியாக நடந்தது அதனினும் பன்மடங்கு கொடியது. பிடிபட்டவர்களைக் கூட்டங் கூட்டமாகக் கொண்டுவந்து அந்நகரின் ஆட்டத்திடலிலே நிறுத்திச் சுட்டனர். பந்து உருள வேண்டிய புல்தரையிலே பிணங்களை வரிசையாய்க் கிடத்தினர். பிலிப்வில் நகரின் இன்றைய பெயர்தான் ஸ்கிக்டா.

ஆக, இவை வெறும் அலங்காரப் பெயர்கள் அல்ல. அந்த நாட்டிலே திடலுக்கும் விடுதலைக்கும் உள்ள உறவு, பெயர்ப்பலகை எழுதப்படுவதற்கு முன்பே, பந்தோடு பந்தாக வளர்ந்த உறவு.

அல்ஜீரியாவைப் பிரான்சு ஆண்ட முறை தனி வகை. அது எங்கள் குடியேற்ற நாடு அன்று, பிரான்சின் ஒரு பகுதியே என்றனர். ஆனால், பகுதியில் வாழ்ந்தோர் எல்லோரும் குடிமக்களாயினரா? இல்லை. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, முஸ்லிம் ஒருவன் குடியுரிமை பெற வேண்டுமானால் தன் சமயத்துக்குரிய திருமண, வாரிசுச் சட்டங்களைக் கைவிட வேண்டும். கைவிடாதவன் 'பிரஜை', அவனுக்கென்று தனியே தண்டனை முறை இருந்தது. கட்சி அமைத்தால் கலைத்தனர். இதழ் நடத்தினால் தடுத்தனர். எஞ்சியிருந்தது ஒரு சிறு வாயில். சங்கங்கள் அமைத்துக்கொள்ள 1901இல் பிரான்சிலே இயற்றப்பட்ட சட்டம். அந்தச் சந்து வழியே நுழைந்து வந்தவைதாம் கால்பந்துக் கழகங்கள்.

1921இல் ஆல்ஜியர்சின் பழைய நகராகிய கஸ்பாவின் இளைஞர்கள் ஒரு கழகம் கண்டனர். முன்னின்றவர் அப்துர் ரஹ்மான் அவூஃப். நபிகள் பிறந்த நாளாகிய மௌலிதை நினைவூட்டி 'மௌலூதியா' என்று பெயரிட்டனர். கான்ஸ்டன்டைன் நகரத்தார் தம்முடைய கழகமே மூத்தது என்று இன்றளவும் வழக்காடுவர். அந்த வழக்கு அவர்களுக்குள் இருக்கட்டும். பின்னர் ஊருக்கு ஊர் முஸ்லிம் விளையாட்டுச் சங்கங்கள் எழுந்தன. விளையாட்டுக்கு ஏன் சமயப் பெயர் என்று கேட்கத் தோன்றும். ஆண்டவன் மக்களைப் பிரித்த கோடே சமயக் கோடுதான். நீ முஸ்லிம், ஆகவே குடிமகன் அல்லன் என்று அவன் சொன்னான். ஆம், நான் முஸ்லிம், இது என் கழகம் என்று இவன் திருப்பிச் சொன்னான். அல்ஜீரியன் என்று சொல்லிக்கொள்ளத் தடை இருந்த காலத்திலே, தடையில்லாத சொல் அது ஒன்றே. 1937இல் பிறந்த ஆல்ஜியர்ஸ் முஸ்லிம் விளையாட்டுச் சங்கத்தின் பெயரிலே 'மு' என்ற எழுத்துக்குரிய பொருள் பிற்காலத்தில் மாறி, இப்போது 'மெதினா', அதாவது நகரம் என்றாகிவிட்டது. அக்கழகத்தின் நிறம் சிவப்பும் கறுப்பும். 1945 மே மாதத்துப் படுகொலைக்குத் துயரம் காட்டவே அந்த நிறங்களைப் பூண்டோம் என்பர் கழகத்தார்.

ஆட்சியாளர் இதனை அறியாதவரல்லர். ஞாயிறுதோறும் ஐரோப்பியக் கழகமும் முஸ்லிம் கழகமும் மோதும்போது, திடலைச் சுற்றி நின்ற மக்கள் கோல் கணக்கை மட்டுமா எண்ணினர்? சந்தையிலும் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் ஒரே சட்டத்தின்கீழ் நிற்க முடியாத இருவர், தொண்ணூறு நிமிடம் ஒரே விதியின்கீழ் நின்றனர். பதினொருவருக்குப் பதினொருவர். வெள்ளையனுக்கு என்று கூடுதலாக ஒரு கோல் கொடுக்க முடியாது! அதனால்தான் அச்சம் கொண்டனர். முஸ்லிம் கழகங்களிலே ஐரோப்பியர் சிலரேனும் ஆடியே தீர வேண்டும் என்று 1930ஆம் ஆண்டுகளில் ஆணை பிறந்தது. கழகங்களோ அந்த ஆணைக்கு வளைந்தும் நெளிந்தும் தப்பியும் வாழ்ந்தன.

ஐரோப்பியரின் பக்கத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஆல்ஜியர்ஸ் பல்கலைக்கழகக் கழகத்தின் இளைஞர் அணியிலே பந்து காத்து நின்றவர் ஆல்பெர் காமு, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர். காசநோய் வந்து 1930இல் ஆட்டத்தை விட்டார். பெல்கூர் என்ற ஏழைத் தொழிலாளர் பேட்டையிலே வளர்ந்தவர். நல்லவர், நெஞ்சில் ஈரம் உள்ளவர். ஆயினும் அவர் எழுதிய புகழ்பெற்ற 'அந்நியன்' புதினத்திலே, கடற்கரையில் கொல்லப்படும் அரபியனுக்குப் பெயரே இல்லை. அந்தப் பெல்கூர்ப் பேட்டைக்கு இன்று பெயர் பெலூஸ்தாது, விடுதலை இயக்கத்து முன்னோடி ஒருவரின் பெயர். விடுதலை கிடைத்த அதே ஜூலைத் திங்களில் அங்கே ஒரு கழகம் பிறந்தது. அக்கழகத்தின் வீடு "20 ஆகஸ்ட் 1955" திடல். பெயரில்லாதவன் தன் பேட்டைக்கும் கழகத்துக்கும் திடலுக்கும் பெயர் எழுதிக்கொண்டான்.

போர் மூண்டபின் திடலும் போர்க்களமாயிற்று. 1956இல் மௌலூதியாவுக்கும் ஐரோப்பியர் கழகம் ஒன்றுக்கும் நடந்த ஆட்டம் கலவரத்தில் முடிந்தது. அவர்களோடு இனி ஆடாதீர் என்றது தேசிய விடுதலை முன்னணி. முஸ்லிம் கழகங்கள் போட்டிகளிலிருந்து விலகின. விலகுதல் எளிதா? ஆண்டுக்கணக்கில் பயின்ற ஆட்டக்காரனுக்கு அதுவே வாழ்வு. ஆயினும் விலகினர். 1957 பிப்ரவரி 10 அன்று ஆல்ஜியர்சின் இரண்டு திடல்களில் குண்டுகள் வெடித்தன. ஆட்டம் காண வந்தவர்கள் மாண்டனர். அதே ஆண்டு மே திங்களில் பாரிசை அடுத்த கொலம்ப் திடலிலே பிரெஞ்சுக் கோப்பையின் இறுதி ஆட்டம் முடிந்து வெளியே வந்த அலி ஷெக்கால், பிரான்சின் பக்கம் நின்ற அல்ஜீரியத் தலைவர், சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றையும் சேர்த்தே வரலாறு எழுத வேண்டும்.

குண்டைவிட வலிய வேலையைப் பந்து செய்தது 1958 ஏப்ரலில்.

அப்போது பிரான்சின் முதல்தரக் கழகங்களிலே அல்ஜீரியர் பலர் ஆடிவந்தனர். மொனாக்கோவில் முஸ்தபா சித்தூனி. செந்த் எத்தியேனில் ரஷீத் மெக்லூஃபி. மெக்லூஃபிக்கு வயது 21. செத்தீஃபிலே பிறந்தவர், 1945 மே மாதத்தைச் சிறுவனாய்க் கண்டவர். இருவரும் சுவீடனில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்குப் பிரான்சின் சார்பாக ஆடத் தேர்வுப் பட்டியலில் இருந்தவர்கள். மெக்லூஃபியோ பிரெஞ்சுப் படையிலே பணி செய்துகொண்டிருந்த காலம். ஓடினால் படையை விட்டு ஓடிய குற்றம்! பொருள், புகழ், உலகக் கோப்பை எல்லாம் எதிரே நின்றன. மொகமது பூமெஸ்ராக் என்பவர் கமுக்கமாக ஆட்டக்காரர்களைத் திரட்டினார். இரவோடிரவாக, சுவிட்சர்லாந்து வழியும் இத்தாலி வழியும் எல்லை கடந்து துனிசு நகர் சேர்ந்தனர். எல்லையிலே பிடிபட்டுச் சிறை சென்றவரும் உண்டு. மறுநாள் பிரெஞ்சு இதழ்களில் முதற்பக்கச் செய்தி. அல்ஜீரியா என்று ஒரு நாடே இல்லை என்று சாதித்தவர்கள், அந்த இல்லாத நாட்டுக்கு ஆடுவதற்காகத் தம் சிறந்த ஆட்டக்காரர்கள் ஓடிவிட்டார்கள் என்று அச்சிட வேண்டியதாயிற்று!

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு அந்த அணியை ஏற்க மறுத்தது. அதனோடு ஆடும் நாடுகளுக்கும் தண்டனை என்று அச்சுறுத்தியது. ஆயினும் துனிசியா, மொராக்கோ, ஈராக், சீனம், வட வியத்நாம், அங்கேரி, யுகோஸ்லாவியா என்று நாடு நாடாகச் சென்று, நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ எண்பது, தொண்ணூறு ஆட்டங்கள் ஆடினர். 1961இல் பெல்கிரேடிலே யுகோஸ்லாவியரை 6க்கு 1 என்று வென்றனர். சென்ற இடமெல்லாம் ஆட்டத்துக்கு முன் தம் கொடியை ஏற்றச் செய்தனர். தம் நாட்டுப் பண்ணை இசைக்கச் செய்தனர். ஐக்கிய நாடுகள் அவையிலே இடம் கிடைப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, அல்ஜீரியாவுக்குப் பதினொரு தூதர்கள் இருந்தனர். அவர்கள் குறுங்காற்சட்டை அணிந்த தூதர்கள்.

மெக்லூஃபியின் பிற்கதையும் சொல்லத் தகும். விடுதலைக்குப் பின் செந்த் எத்தியேனுக்கே திரும்பினார். ஓடிப்போனவன் என்று ஏசுவார்களோ என்று எண்ணியிருந்த இடத்திலே, அந்தச் சுரங்கத் தொழிலாளர் நகரம் அவரை வரவேற்றது. 1968இல் பிரெஞ்சுக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த இரண்டு கோல்களால் கழகம் வென்றது. கோப்பையைக் கையளித்தவர் அதிபர் தெ கோல். தன் மறைவு வரை, அதாவது 2024 நவம்பர் வரை, இரு நாட்டிலும் மதிக்கப்பட்டவராய் வாழ்ந்தார்.

விடுதலை வந்தது. கழகங்கள் மீண்டன. 1962-63இல் முதல் தேசியப் போட்டி. இறுதியில் மௌலூதியாவை 3க்கு 0 என்று வென்று முதற்பட்டம் பெற்றது சிவப்பு-கறுப்புக் கழகம். நாட்டின் முதல் அதிபர் அகமது பென் பெல்லாவே ஒரு காலத்தில் மார்சேல் கழகத்துக்கு ஆடியவர், 1940இல். 1965 ஜூன் 17 அன்று ஓரான் நகரிலே பெலே ஆடிய பிரேசில் அணியின் ஆட்டத்தைக் கண்டு களித்தார். இரண்டே நாளில், ஜூன் 19 அன்று, பூமெதியன் தலைமையில் படை அவரை வீழ்த்தியது. தெருவிலே வந்த தாங்கிகளைப் பார்த்து, திரைப்படம் எடுக்கிறார்கள் என்று மக்கள் எண்ணினராம்! அப்போது ஆல்ஜியர்சில் விடுதலைப் போரைப் பற்றிய படம் ஒன்று எடுத்துக்கொண்டுதான் இருந்தனர்.

பூமெதியன் காலத்திலே, 1972இல், எழுந்தது "5 ஜூலை 1962" திடல். 1975இல் மத்தியதரைக் கடல் நாடுகளின் போட்டியில், அங்கே அவர் கண்முன்னே அல்ஜீரியா பிரான்சை 3க்கு 2 என்று வென்றது, பயிற்றுநர் மெக்லூஃபி. மறு ஆண்டு மௌலூதியா அதே திடலில் ஆப்பிரிக்கப் பட்டம் பெற்றது. அரசுக்கும் திடலுக்கும் தேன்நிலவு போலத் தோன்றிய காலம்.

தேன்நிலவு நிலைக்கவில்லை. காரணம், மொழி.

கபிலியா என்ற மலைநாட்டு மக்கள் பேசுவது அரபு அன்று. தமாசிக்த் என்னும் பெர்பர் மொழி. அரபு வருவதற்கு நெடுங்காலம் முன்பே அந்த மண்ணில் வழங்கிய மொழி. விடுதலைப் போரில் அந்த மலைநாடு கொடுத்த உயிர்கள் ஏராளம். விடுதலை வந்ததும், நாடு அரபு நாடு, மொழி அரபு மொழி என்றனர். பள்ளியில் இடமில்லை, அலுவலகத்தில் இடமில்லை. எஞ்சிய இடம் எது? முன்பு அயலான் ஆட்சியில் எது எஞ்சியதோ, அதுவேதான்! திசி ஊசு நகரத்தின் 'கபிலியா இளைஞர் விளையாட்டுக் கழகம்' 1946இல் பிறந்தது. அதன் மூன்று பிரெஞ்சு எழுத்துகளை 'நான் கபிலியன்' என்று விரித்துப் பொருள் கொண்டனர் மக்கள். 1977 ஜூன் திங்களில் "5 ஜூலை" திடலிலே அல்ஜீரியக் கோப்பையின் இறுதி ஆட்டம், கபிலியக் கழகம் ஒரு பக்கம், மேடையிலே பூமெதியன். அதிபரின் செவியில் விழும்படி, தடை செய்யப்பட்ட மொழியிலே ஆயிரமாயிரம் குரல்கள் எழுந்தன. கூடவே ஆட்சிக்கு எதிரான முழக்கங்கள். படை சூழ்ந்த நாட்டிலே அதிபரை நேருக்கு நேர் நின்று எதிர்க்கக் கிடைத்த இடம் அவர் கட்டிய திடல்தான்.

அந்த ஆண்டே 'விளையாட்டுச் சீர்திருத்தம்' வந்தது. கழகங்கள் யாவும் அரசுத் தொழில் நிறுவனங்களோடு இணைக்கப்பட்டன, பெயர்களும் மாற்றப்பட்டன. மௌலூதியா எண்ணெய்க் கழகமாயிற்று. பெல்கூர் இயந்திரக் கழகம். சிவப்பு-கறுப்புக் கழகம் மின்சாரக் கழகம். கபிலியா என்ற சொல்லே ஒழிந்தது; திசி ஊசு மின்னணுக் கழகம் என்றாயிற்று! இதிலே நன்மையும் இருந்தது என்பதை ஒப்பத்தான் வேண்டும். ஆட்டக்காரனுக்கு நிறுவனத்திலே வேலை, மாதச் சம்பளம், பயிற்சிக்கு நேரம், எல்லாம் கிடைத்தன. 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியை 2க்கு 1 என்று வென்ற அணி அந்த ஏற்பாட்டின் விளைச்சல். மின்னணுக் கழகமே 1981இல் ஆப்பிரிக்கப் பட்டம் வென்றது. ஆனால், மக்கள் மின்னணுவுக்கா கை தட்டினர்? பலகையில் எந்தப் பெயர் எழுதினாலும், அவர்கள் பழைய மூன்று எழுத்துகளையே முழங்கினர். 1980இல் பழங்கபிலியக் கவிதை பற்றிய சொற்பொழிவு ஒன்றைத் திசி ஊசுவில் அரசு தடை செய்தபோது மலைநாடே கொந்தளித்தது. பின்னர் ஏற்பாடு கலைந்து, கழகங்களுக்குப் பழைய பெயர்கள் மீண்டன. தமாசிக்த் 2002இல் தேசிய மொழியாயிற்று. 2016இல் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. போரிலே முன்னின்று, பின் ஆட்சியை எதிர்த்து நாடு கடந்து வாழ்ந்த கபிலியத் தலைவர் உசேன் ஆயித் அகமதுவின் பெயரிலே, 2024இல் திசி ஊசுவில் புதுத் திடல் திறக்கப்பட்டது.

திடலிலே நடந்தது எல்லாம் விடுதலைக் குரல் என்று எழுதிவிட்டால் அது பொய்யாகும். 1990ஆம் ஆண்டுகளின் உள்நாட்டுப் போர் கழகங்களையும் கருக்கிற்று. அதன் பின்னும் வன்முறை ஓயவில்லை. 2014 ஆகஸ்டில், "1 நவம்பர் 1954" என்னும் அந்தத் திசி ஊசுத் திடலிலேயே, கபிலியக் கழகத்துக்கு ஆடிய கமெரூன் நாட்டு இளைஞர் ஆல்பெர் எபோசே, ஆட்டம் முடிந்து உள்ளே செல்லும்போது, எறியப்பட்ட பொருள் தாக்கி மாண்டார். அன்று கோல் அடித்தவர் அவர்! தன் கழகத்துக்கு ஆடியவனையே பலி கொண்ட அந்த வெறிக்கு எந்த நாளின் பெயர் இட்டாலும் தகாது. பெண்களுக்குத் திடலில் நுழையச் சட்டத் தடை ஏதும் இல்லை. ஆயினும் பார்வையாளர் வரிசை நெடுங்காலமாய் ஆண்களின் காடாகவே இருந்துவருகிறது. பாதி மக்கள் வெளியே நிற்க எழும் முழக்கம் அது.

ஆனாலும் அந்த வரிசைகள்தாம் 2019இல் பேசின. 1999இலிருந்து ஆண்டுவந்த அதிபர் பூத்தஃபிலீகா, 2013இல் பக்கவாதம் கண்டபின் மக்கள் முன் வாய் திறந்து பேசக்கூட இயலாதவராயிருந்தார்; ஐந்தாம் முறையும் அவரே என்றனர் சூழ்ந்திருந்தோர். ஓராண்டுக்கு முன்பே, சிவப்பு-கறுப்புக் கழகத்தின் ஆதரவாளர்கள் திடலில் ஒரு பாட்டுக் கட்டியிருந்தனர். அதிபர் மாளிகையைக் கொள்ளையர் குடியிருக்கும் வீடாக்கி, ஒவ்வோர் ஆட்சிக்காலமாக எண்ணிக் கணக்குக் கேட்கும் பாட்டு. 2019 பிப்ரவரி 22 அன்று மக்கள் தெருவில் இறங்கியபோது அந்தப் பாட்டும் திடலை விட்டுத் தெருவில் இறங்கியது. மாணவர் பாடினர், வழக்கறிஞர் பாடினர், பெண்டிரும் பாடினர். மௌலூதியாவும் அதன் பகைக் கழகமும் தோளோடு தோள் நின்றன. ஏப்ரல் 2 அன்று அதிபர் விலகினார். இயக்கம் அதற்குப் பின்னும் தொடர்ந்தது, சிறைகளும் தொடர்ந்தன.

பெயர் சூட்டும் வழக்கமும் தொடர்ந்துவருகிறது. ஆல்ஜியர்சின் பராகிப் பகுதியிலே 2023இல் திறந்த திடலுக்கு நெல்சன் மண்டேலாவின் பெயர். 2024இல் மௌலூதியாவுக்கென்று துவேராவில் அமைந்த திடலுக்குக் கஸ்பாவின் போராளி அலி லா புவாந்தின் பெயர். பெயரிடுவதில் அரசுக்குக் குறைவில்லை. படிக்கட்டையும் கைப்பிடிச் சுவரையும் செப்பனிடுவதில்தான் குறை. 2013 செப்டம்பரில் "5 ஜூலை 1962" திடலின் பார்வையாளர் மாடம் ஒன்றில் ஒரு பகுதி இடிந்து இளைஞர் இருவர் இறந்தனர். 2025 ஜூன் 21 அன்று அதே திடலில் மௌலூதியா தேசியப் பட்டத்தை வென்றது. மகிழ்ச்சியில் மக்கள் முன்னே நெருக்கினர். மேல்மாடத்துத் தடுப்பு பெயர்ந்து விழுந்தது. குறைந்தது மூவர் மாண்டனர், பலர் காயமுற்றனர். கோப்பை வழங்கும் விழாவை நிறுத்தினர். திடலுக்குப் பெயர் தந்த ஜூலை 5க்கு அப்போது இன்னும் இரண்டு கிழமைகளே இருந்தன.